பளிங்கா, கண்ணாடியா?

நம் நாட்டுச் சைவ இல்லங்கள் சிலவற்றிற் பூசையறையில் ஸ்படிக மாலையோ ஸ்படிக லிங்கமோ இருப்பதுண்டு. வேறு சில இல்லங்களில் மெருகிட்ட உருண்டையொன்று வரவேற்பறை மேசையை அலங்கரிக்கும். பாட்டனார் காலத்துப் பொருளெனப் பேணப்படும் அதனை விற்கவோ பங்கிடவோ நேரும்பொழுதுதான், "இஃது உண்மை ஸ்படிகமா? இதன் பெறுமதி யாது?" என்னும் வினாக்கள் எழுகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு வினாக்கள். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே பலர் ஏமாறுகின்றனர்.

வள்ளுவர் முகத்துக்கு உவமையாக எடுத்தாண்ட பளிங்கு இந்த ஸ்படிகமே. இன்று நாம் பளிங்கு என வழங்கும் சலவைக்கல் அன்று. சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்து இயற்கையாக உருவான கனிப்பொருள் அது. ஈயங் கலந்த ஒளிமிக்க கண்ணாடியையும் கடைகளிற் "கிறிஸ்டல்" என்றே விற்கின்றனர். பெயரே முதல் மயக்கத்தை உண்டாக்குகின்றது.

இல்லத்திலேயே செய்யத்தக்க சோதனைகள் சில உள. பொருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உருப்பெருக்கியால் நோக்குக. உருண்டையான காற்றுக் குமிழிகள் தென்படின், பெரும்பாலும் அது கண்ணாடியே. ஸ்படிகத்தினுள் முகிற்படலம் போன்ற மங்கலும் மெல்லிய வெடிப்புகளும் காணப்படலாம்.

அடுத்து, தாளில் மெல்லிய கோடொன்று வரைந்து, உருண்டையை அதன்மேல் வைத்து மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்படிகம் ஒளியை இரு கதிர்களாகப் பிரிக்கும் இயல்புடையது. ஆதலின், ஓரளவு பெரிய உருண்டையாயின் சில திசைகளில் அக்கோடு இரட்டையாகத் தோன்றும். கண்ணாடியில் எத்திசையிலும் ஒரே கோடுதான். மாலையின் சிறு மணிகளில் இது புலப்படுதல் அரிது.

மாணவர்கள் ஆக்கிமிடீசின் தத்துவத்தைப் பயன்படுத்தலாம். வளியில் 265 கிராம் காட்டும் ஸ்படிகம், நூலிற் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுக்கும்போது 165 கிராமே காட்டும். எனவே அதன் தன்னீர்ப்பு 2.65 ஆகும். ஸ்படிகத்தை உருக்கி வார்த்த கண்ணாடிக்கு இது 2.2 அளவினது, ஈயம் மிகுந்த கண்ணாடிக்கு 3ஐ அண்மிக்கும், அல்லது அதனையுங் கடக்கும். சிலவகைக் கண்ணாடிகள் 2.65ஐ ஒத்திருத்தலும் கூடுமாதலின், ஒரு சோதனையை மட்டும் நம்பலாகாது.

கீறிப் பார்த்தல் வேண்டவே வேண்டாம். ஸ்படிகத்தின் வன்மை மோவின் அளவில் 7. கண்ணாடியினது ஏறக்குறைய 5½. ஆகவே ஸ்படிகம் கண்ணாடியைக் கீறும் என்பது மெய்யே. ஆயினும் மெருகிட்ட பொருளில் விழுந்த கீறல் அதன் விலையைக் கெடுத்துவிடும். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட செயற்கை ஸ்படிகமோ மேற்கூறிய தன்னீர்ப்பு, இரட்டைக்கோட்டுச் சோதனைகளிலே தேறிவிடும். ஐயம் நீங்காவிடின், இரத்தினக்கல் ஆய்வுகூடமொன்றை நாடுவதே தகும்.

பொருள் இன்னதெனத் துணிந்த பின்னரே விலை பேச வேண்டும். ஸ்படிகம் உலகிற் பரவலாகக் கிடைப்பது; ஆதலால் ஸ்படிகம் என்பதனாலேயே பெருவிலை பெறாது. தெளிவு, பருமன், வேலைப்பாடு, உடைவின்மை ஆகியனவே விலையை உயர்த்துவன. பெரியதும் மாசற்றதுமான உருண்டை மிக அரிது.

பொருளின் வரலாறும் பெறுமதியைச் சாரும். இலண்டன் பிரித்தானிய நூதனசாலை 1897இல் வாங்கிய ஸ்படிக மண்டையோடு, பழைய மெக்சிக்கோ மக்களின் படைப்பென நெடுங்காலம் எண்ணப்பட்டது. அது மெய்யான ஸ்படிகமே. ஆனால் அதிற் சுழற்சக்கரக் கருவியின் தடங்கள் உள்ளன என்றும், அது பிற்காலத்து ஐரோப்பிய வேலைப்பாடாகலாம் என்றும் 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கல் மெய், கதை பொய்!

ஆகவே, உங்கள் இல்லத்துப் பொருள் யாரால், எப்பொழுது, எங்கிருந்து கொணரப்பட்டது என்பதை முதியோரிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். பாட்டியாரின் செபமாலை கண்ணாடியென்று தெரியவரினும் அவர் செய்த செபம் பழுதாகிவிடாது. ஆயின், கண்ணாடிக்கு ஸ்படிக விலை கொடுப்பதும், ஸ்படிகத்தைக் கண்ணாடி விலைக்கு இழப்பதும் நம் அறியாமையின் பயனேயாகும்.