'பாரா' என்றால் ஒன்றுமில்லாததிலிருந்தா?

ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் வரும் எபிரேய வினைச்சொல் 'பாரா'. "ஒன்றுமில்லாததிலிருந்து படைத்தல்" என்றுதான் பல வருஷமா நானும் அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாசம் ஒரு நண்பர் கேட்டார்: "1:27ல மனுஷனுக்கும் அதே சொல்தானே வருது? அவனை மண்ணுலேர்ந்துதானே உருவாக்கினார்?" என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து, சொல் வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஒன்று உறுதி. இந்தச் சொல்லின் அடிப்படை வினை வடிவத்தில், செய்பவர் எப்போதும் கடவுள்தான். 'ஆசா' (செய்தல்), 'யாட்சார்' (குயவன் வனைவதுபோல் உருவாக்குதல்) இரண்டும் மனிதருக்கும் கடவுளுக்கும் பொது. எந்தக் குயவனும் 'பாரா' செய்வதில்லை. எதை வைத்துச் செய்தார் என்று மூலப்பொருளும் இந்தச் சொல்லோடு சொல்லப்படுவதில்லை. நான் சறுக்கினது இங்கேதான். பொருளைச் சொல்லாமல் விடுவது வேறு, பொருளே இல்லை என்பது வேறு.

நண்பர் கேட்ட இடத்தையே பாருங்கள். 1:26ல் மனிதனைக் குறித்து 'ஆசா' வருகிறது. அடுத்த வசனத்தில் மூன்று தடவை 'பாரா'. 2:7ல் மண்ணும் 'யாட்சாரும்'. ஏசாயா 43:1ல் ஒரே மூச்சில் யாக்கோபைப் 'பாரா' செய்தவர், இஸ்ரவேலை 'யாட்சார்' செய்தவர் என்று வருகிறது. ஒரு ஜனம் சூனியத்திலிருந்தா வந்தது? ஆபிரகாமின் வம்சம்தானே! சங்கீதம் 51லும் சுத்த இருதயத்தைக் கேட்பவர் இதே சொல்லால்தான் கேட்கிறார். கேட்கிற ஆள் ஏற்கெனவே இருக்கிறார், உடைந்துபோய்.

12ஆம் நூற்றாண்டிலேயே இப்ன் எஸ்ரா இதைக் கவனித்துவிட்டார். மனிதனுக்கும் கடல் பிராணிகளுக்கும் இந்தச் சொல் வருவதைக் காட்டி, 'வெட்டுதல்' என்ற பொருளை முன்வைத்தார். யோசுவா 17ல் காட்டை வெட்டித் திருத்துவதற்கு இதே எழுத்துகள் வருவது உண்மை. அது ஒரே வேர்தானா என்பதில் சண்டை இருக்கிறது. 2009ல் எலன் வான் வோல்டே என்ற நெதர்லாந்து அறிஞர் இன்னும் ஒரு படி போய், ஆதியாகமம் 1ல் 'பாரா' என்றால் 'பிரித்தல்' என்றார். எனக்கு அது ஒட்டவில்லை. வெளிச்சத்தையும் இருளையும் பிரிக்க 1:4ல் 'ஹிப்தீல்' என்று தனிச்சொல்லே இருக்கிறதே.

அப்போ அந்தக் கோட்பாடு பொய்யா? நான் அப்படிச் சொல்லவில்லை. அது இருக்கும் இடம் வேறு. 2 மக்கபேயர் 7:28ல், சாகப்போகும் கடைசி மகனிடம் ஒரு தாய், கடவுள் இவற்றை இருந்தவற்றிலிருந்து உண்டாக்கவில்லை என்கிறாள். ஒரு முழு வாக்கியம் சொல்வதை ஒற்றைச் சொல்லின் தலையில் ஏற்றிவிட்டேன். நம் 'சிருஷ்டி'யும் இதற்கு உதவாது. அதன் சமஸ்கிருத வேருக்கு 'வெளியே விடுதல்' என்று பொருள்.

நண்பருக்குப் போன் பண்ணி என் தவறைச் சொன்னேன். "சரி, முதல் வசனம் முழு வாக்கியம்தானா?" என்று அடுத்ததைக் கேட்டார். ராஷி அதை "கடவுள் படைக்கத் தொடங்கியபோது" என்ற தொனியில் வாசித்தவர். அதை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.