கணக்குப் புத்தகத்திற்குள் ஒரு கம்ப்யூட்டர்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது: "இதை வைத்துக் கொண்டு நம் பிள்ளை கணக்கில் தேறுமா? இப்போதே புரோகிராம் எழுதக் கற்றுக் கொடுக்கலாமா?" பெரிய நகரமாக இருந்தால் உடனே ஒரு கோச்சிங் சென்டரைத் தேடிப் போய்விடுவார்கள். மேகமலையின் தேயிலை எஸ்டேட் குடியிருப்பில் இருப்பவர் என்ன செய்வார்? சென்டர் வேண்டுமென்றால் 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சின்னமனூருக்கு இறங்க வேண்டும்.

கவலை வேண்டாம். இதற்கான பாடம் உங்கள் பிள்ளையின் பையில், கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது, வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று இங்கு பார்க்கலாம்.

ஆமை கற்றுத் தந்த பாடம்

குழந்தைகளுக்குக் கணக்கையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துச் சொல்லித் தரும் முயற்சி 1967ல் அமெரிக்காவில் தொடங்கியது. வாலி பியூர்சைக், சைமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் "லோகோ" என்ற புரோகிராம் மொழியை உருவாக்கினார்கள். திரையில் ஓர் "ஆமை" இருக்கும். "100 அடி முன்னே போ, 90 டிகிரி வலது பக்கம் திரும்பு" என்று கட்டளை தந்தால் அது கோடு போட்டுக் கொண்டே நகரும். இதை நான்கு முறை செய்தால் சதுரம் வரும். கோணம் என்றால் என்ன என்பதை, குழந்தை தானே ஆமையாக நடந்து புரிந்து கொள்ளலாம் என்றார் பேப்பர்ட்.

இந்தியாவிலும் 1984ல் "கிளாஸ்" என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் தரப்பட்டன.

சரி, லோகோ படித்த குழந்தைகளின் சிந்தனைத் திறன் தானாக வளர்ந்ததா? நியூயார்க் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் குர்லண்ட் ஆகியோர் 1984ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். வகுப்பறை வேலைகளை எந்த வரிசையில் செய்தால் நடை மிச்சமாகும் என்று திட்டமிடச் சொன்னார்கள். ஓராண்டு லோகோ படித்தவர்கள், படிக்காதவர்களை விட இதில் சிறப்பாகச் செய்யவில்லை!

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. 1988ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிளார், ஷாரன் கார்வர் இருவரும் வேறு வழியில் முயன்றார்கள். புரோகிராமில் தவறு வந்தால் அதைத் தேடும் முறையைப் படிப்படியாகச் சொல்லித் தந்தார்கள். எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, வித்தியாசம் எங்கே, அதற்குக் காரணமான வரி எது என்று கேட்கப் பழக்கினார்கள். இந்தக் குழந்தைகள், கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாத, காகிதத்தில் எழுதிய வழிக்குறிப்புகளில் இருந்த தவறுகளையும் முன்பை விட நன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

ஆக, கம்ப்யூட்டர் வாங்கி வைத்தால் மட்டும் அறிவு வளராது. பக்கத்தில் உட்கார்ந்து சரியான கேள்வியைக் கேட்க ஒருவர் வேண்டும். வீட்டில் அந்த ஒருவர் நீங்கள்தான்.

நம் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

2005ல் உருவான தேசியக் கலைத்திட்டத்திற்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். ராமானுஜம் அதன் தலைவர். இவருடைய துறை கம்ப்யூட்டர் அறிவியல் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. கூட்டல், கழித்தல் தெரிந்தால் மட்டும் போதாது. குழந்தை கணித முறையில் சிந்திக்கப் பழக வேண்டும் என்பதே அந்தக் குழுவின் அறிக்கை வலியுறுத்திய கருத்து.

தமிழ்நாட்டில் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளில் புதிய பாடநூல்கள் வந்தன. அப்போது 6, 7, 8ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களில் "தகவல் செயலாக்கம்" என்ற தலைப்பில் பாடங்கள் சேர்க்கப்பட்டன. விடைகளை விட்டுப் போகாமல் வரிசையாகப் பட்டியலிடுதல், மர வரைபடம், பாய்வுப் படம், வரைபடத்திற்கு வண்ணம் தீட்டுதல், ரகசியக் குறியீடு என்று பல விஷயங்கள் இவற்றில் உண்டு. இவை எல்லாம் கம்ப்யூட்டர் அறிவியலின் அடிப்படைகள். ஆனால் படிக்கக் கம்ப்யூட்டரே தேவை இல்லை. எஸ்டேட் பள்ளியில் கரும்பலகையும் சாக்பீஸும் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, ஆறாம் வகுப்பில் யூக்ளிட் விளையாட்டு வருகிறது. அதன் கணக்கை நம்ம ஊர் முறையில் பார்ப்போம். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் போட 84 அடி, 60 அடி என இரண்டு கம்பிகள் இருக்கின்றன. மிச்சம் விழாமல், எல்லாத் துண்டுகளும் ஒரே நீளத்தில், முடிந்தவரை பெரிதாக வெட்ட வேண்டும். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்துக் கொண்டே வாருங்கள்.

84, 60 என்பது 24, 60 ஆகும்.
பிறகு 24, 36.
பிறகு 24, 12.
பிறகு 12, 12.

இரண்டும் சமமாகிவிட்டால் நிறுத்த வேண்டும். விடை 12 அடி. "இப்படிச் செய், இந்த நிலை வரும்வரை திரும்பச் செய், வந்ததும் நிறுத்து" என்ற இந்த அமைப்புதான் புரோகிராம். மீப்பெரு பொதுக் காரணி என்று மனப்பாடம் செய்யும் கணக்கும் இதுதான்.

மேகமலைப் பாதையை வரையலாம்

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். லோகோவின் வழியில் வந்தது "ஸ்கிராட்ச்". எம்ஐடி மீடியா லேப் 2007ல் வெளியிட்ட இலவச சாப்ட்வேர் இது. ஒருமுறை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துவிட்டால், பிறகு இன்டர்நெட் தேவை இல்லை. மலையில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. கட்டளைகளை டைப் செய்ய வேண்டாம். மவுஸால் இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினால் போதும்.

1. ஸ்கிராட்சைத் திறந்து, இடது கீழ் மூலையில் உள்ள எக்ஸ்டென்ஷன் பட்டனைக் கிளிக் செய்து "பென்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. பூனையின் "சைஸ்" கட்டத்தில் 100க்குப் பதில் 20 என டைப் செய்து என்டர் தட்டவும். பூனையைத் திரையின் மேல் பகுதிக்கு இழுத்து வைக்கவும்.

3. "பென் டவுன்" கட்டளையை இழுத்து வந்து முதலில் வைக்கவும்.

4. அடுத்து ஒரு "ரிப்பீட்" கட்டளை, எண் 18. அதற்குள் "மூவ் 1", வலது பக்கம் "டர்ன் 10" என இரண்டு கட்டளைகள். ரிப்பீட்டுக்கு வெளியே, அதன் கீழே "மூவ் 60".

5. நான்காவது படியில் செய்ததையே மறுபடி கீழே அமைக்கவும். ஆனால் இம்முறை "டர்ன்" இடது பக்கம்.

6. "பென் டவுன்" தவிர மற்ற எல்லாவற்றையும் இன்னொரு "ரிப்பீட்" கட்டளைக்குள் அடக்கவும். எண் 9.

இப்போது கட்டளைகளின் மீது கிளிக் செய்யுங்கள். வலது, இடது என மாறி மாறி 18 வளைவுகளுடன் ஒரு மலைப்பாதை மேலிருந்து கீழே இறங்கும்.

உடனே பிள்ளையைப் பாராட்டி எழுந்துவிட வேண்டாம். பாடம் இனிமேல்தான். ஒரு வளைவுக்கு ஏன் 18 முறை? ஏனென்றால் 18ஐ 10ஆல் பெருக்கினால் 180 டிகிரி. போன திசைக்கு நேர் எதிராகத் திரும்பியாகிவிட்டது. உள்ளே இரண்டு வளைவு, வெளியே ரிப்பீட் 9. மொத்தம் 18 வளைவு. முழு வட்டம் வேண்டுமானால் 18ஐ எத்தனையாக மாற்ற வேண்டும்? பிள்ளை சொல்லட்டும்.

பிறகு, பிள்ளைக்குத் தெரியாமல் வலது பக்க "டர்ன்" எண்ணை 10க்குப் பதில் 9 ஆக்குங்கள். பாதை சாய்ந்து வளைந்து எங்கோ போகும். "தப்பு எந்த வரியில்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். விடையை நீங்கள் சொல்லக் கூடாது. கிளாரும் கார்வரும் சொல்லித் தந்த முறை இதுதான்.

தாண்டிப் போக வேண்டாம்

"தகவல் செயலாக்கம்" பெரும்பாலும் புத்தகத்தின் கடைசிப் பாடமாக வருகிறது. தேர்வு நெருங்கும் அவசரத்தில் அதை விட்டுவிட வேண்டாம். பிளஸ் 1ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கேட்கும் பிள்ளைக்கு அஸ்திவாரம் போடுவது இந்தப் பாடம்தான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அதே அஸ்திவாரத்தை இலவசமாகத் தருவதும் இதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து தவறு தேடினால் பேச்சு வளரும். பேசப் பேசக் கணக்கும் புரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே கணக்குப் புத்தகத்தை எடுத்து அந்தப் பாடத்தைத் திறந்து பாருங்கள். முதலில் காகிதத்தில் செய்யுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்.