கடனாளியா, நம்பகமற்றவரா?

தேனி மாவட்டம் பண்ணைப்புரத்திலும், அதைச் சுற்றியுள்ள கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலும் கடன் என்பது அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. உரத்துக்கு நகைக்கடன், பிள்ளையின் படிப்புக்குக் கல்விக்கடன், அவசரத்துக்கு மகளிர் குழுக் கடன். மானாவாரி வெள்ளாமையும் ஏலத்தோட்டக் கூலியும் மாதந்தோறும் சீரான வருவாய் தருவதில்லை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஓர் இளைஞர் துணை ராணுவத்துக்கோ, வங்கிப் பணிக்கோ தேர்வெழுதி வென்றதும் எழும் அச்சம் ஒன்றுண்டு: கடன் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடுமோ?

அரசுகள் ஊழியரின் கடனைக் கவனிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-யின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் கடன் நெருக்கடியில் இருந்தபோது, 1985-இல் சோவியத் ஒன்றியத்துக்கு ரகசியங்களை விற்கத் தொடங்கினார். 1994-இல்தான் அவர் பிடிபட்டார். அதே 1985-இல் தில்லியில் பிரதமர் அலுவலகம் வரை நீண்ட உளவு வழக்கிலும், கீழ்நிலை ஊழியர்கள் சிறு ஆதாயங்களுக்காக ஆவணங்களைக் கைமாற்றியது தெரியவந்தது. நெருக்கடியில் இருப்பவரை விலைக்கு வாங்குவது எளிது என்பதே இவை தரும் பாடம்.

ஆனால், கடன்பட்டவர் அனைவரையும் சந்தேகிப்பது அந்தப் பாடத்தைத் தவறாகப் படிப்பதாகும். அமெரிக்காவில் ரகசிய ஆவணங்களைக் கையாளும் பணிக்கான பாதுகாப்புத் தகுதியை 13 அளவுகோல்களைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். அவற்றுள் ஒன்று நிதி நிலைமை. வேலையிழப்பு, எதிர்பாராத மருத்துவச் செலவு, மணமுறிவு போன்றவற்றால் கடன் நேர்ந்து, அதைத் தீர்க்க ஒருவர் பொறுப்புடன் முயன்றிருந்தால், அது அவருக்குச் சாதகமாகக் கருதப்படும். படிவத்தில் வேண்டுமென்றே உண்மையை மறைத்தாலோ, அது தனிக் குறையாகிவிடும். கடனைவிடப் பொய் கனமானது.

நம் நாட்டிலும் இந்தப் பார்வை புதிதன்று. 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 17-ஆவது விதி, ஊழியர்கள் தீராக் கடனாளியாகவோ நொடித்தவராகவோ ஆகாதவாறு தம் வாழ்வை நடத்த வேண்டும் என்கிறது. எனினும், கடன் தன் கட்டுப்பாட்டை மீறிய சூழலால் வந்தது, ஊதாரித்தனத்தால் அன்று என மெய்ப்பிக்கும் வாய்ப்பையும் அதே விதி ஊழியருக்கு வழங்குகிறது.

நேர்மை குறித்து உச்சநீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் தெளிவான நெறிகளை வகுத்தது. அது குற்ற வழக்குகளை மறைத்தது பற்றிய தீர்ப்பு. பணிக்கு வருபவர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். சிறு வழக்கை மறைத்ததை மன்னிக்கலாம். மறைப்பின் தன்மையையும் பணியின் தன்மையையும் எடைபோட வேண்டும் என்றது. உண்மையைச் சொன்னாலே வேலை உறுதி என்று அது கூறவில்லை. ஆனால், எடைபோடாமல் தள்ளிவிடக் கூடாது என்றது.

கடன் வரலாற்றுக்கு இந்த எடைபோடும் முறை இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் நியமனம், பாதகமான சிபில் அறிக்கையால் ரத்தானது. அறிவிக்கைக்கு முன்பே கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். திருப்பிச் செலுத்தத் தவறிய வரலாறே தகுதிக் குறைவு என அறிவிக்கையில் இருந்ததைச் சுட்டி, 2025-இல் சென்னை உயர்நீதிமன்றம் வங்கியின் முடிவை உறுதி செய்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் இன்றியமையாதது என்பதை மறுக்க முடியாது. ஆயினும், 300-இலிருந்து 900 வரையிலான ஒரு மதிப்பெண்ணுக்குத் தந்தையின் மருத்துவச் செலவும் தெரியாது, சூதாட்டச் செயலியும் தெரியாது. 1964-இன் விதி கேட்கும் 'ஏன்' என்ற கேள்வியை அந்த எண் கேட்பதில்லை. நியமனத்தை ரத்து செய்யும் முன் விளக்கம் கேட்பதையும், காரணத்தைப் பரிசீலிப்பதையும் பணியமர்த்தும் நிறுவனங்கள் விதியாக்க வேண்டும்.

அதுவரை இளைஞர்கள் விழிப்புடன் இருப்பது நல்லது. கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. தேர்வுக்குப் படிக்கும்போதே அதைப் பெற்றுப் பார்க்கலாம். பிழையிருந்தால் திருத்தக் கோரலாம். பிறர் கடனுக்குப் பிணை நின்றதும் அதில் பதிவாகும். பேரம் பேசிக் குறைத்து முடித்த கடன், முழுமையாக அடைத்த கடனாகக் கருதப்படாது. மருத்துவச் சீட்டு, பணியிழப்புக் கடிதம், தவணை ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது அவசியம். கேட்கப்படும் இடத்தில் எதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

வறுமையால் வந்த கடனுக்கு விளக்கம் சொல்லலாம். எழுதிக் கையொப்பமிட்ட பொய்க்கு விளக்கம் ஏது? இளைஞர்கள் உண்மையைச் சொல்லட்டும். அதைக் கேட்கும் பொறுமை நிறுவனங்களுக்கும் வரட்டும்.