மில் ஓடவில்லையா? கையை விடும் முன் ஒரு நிமிடம்!

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சித்தியவானில் மசாலா அரைக்கும் மில் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். காயவைத்த மிளகாய், வறுத்த மல்லி, சீரகம், மஞ்சள் எனப் பையும் வாளியுமாக நீண்ட வரிசை. கடைகளில் பாக்கெட் மசாலா குவிந்து கிடந்தாலும், வீட்டில் வறுத்ததைக் கண் முன்னே அரைத்து வாங்கினால்தான் பலருக்கு மனசு ஆறும்.

போன வருஷம் அம்மாவோடு நானும் அந்த வரிசையில் நின்றேன். எங்கள் முறை வரப்போகும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. கால் மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. மில்தான் ஓடவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல். சில விநாடிகளில் 'டக்' என்று நின்றுவிடும். மில்காரர் மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே கதை. வரிசையில் ஆளாளுக்கு "சீக்கிரம் பாருங்க அண்ணே" என்றார்கள். ஐந்தாவது தடவை அவர் மூடியைத் திறந்து, உள்ளே அடைத்திருந்த மிளகாயைக் கையால் கிளறப் போனார்.

"தம்பி, கைய எடுப்பா! மெயின் இன்னும் ஆன்ல இருக்கு!"

சத்தம் போட்டவர் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர். பல வருஷம் தொழிற்சாலையில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வானொலியில் பேசுவது என் தொழில். மோட்டார் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அன்று அவர் சொன்னதும் செய்ததும் மில் வைத்திருக்கும் எல்லாருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வேலை பூட்டு

ஓடாத மில்லைவிட, எப்போது ஓடும் என்று தெரியாத மில்தான் ஆபத்து என்றார் அவர். மெயின் சுவிட்சை அணைத்தார். அதில் ஒரு பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். மில்லில் கை வைப்பவரிடமே சாவி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், விஷயம் தெரியாத ஒருவர் வந்து சுவிட்சைப் போட்டுவிடலாம். ஓடிக்கொண்டிருந்த மில்லை அணைத்தாலும் சக்கரம் உடனே நிற்காது. அது முழுதாக நிற்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது.

சத்தமே வரவில்லை என்றால்

பொத்தானை அழுத்தியும் சின்னச் சத்தம்கூட வரவில்லை என்றால், மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் எளிய காரணங்களைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் நிறுத்துவதற்காக வைத்திருக்கும் காளான் வடிவச் சிவப்புப் பொத்தான் உள்ளே அழுந்தியபடி இருக்கிறதா? பெரும்பாலும் அதைத் திருகினால்தான் வெளியே வரும். மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா? சில மில்களில் மூடி திறந்திருந்தால் மின்சாரம் போகாதபடி ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். மெயின் பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கிறதா? அடுத்தது 'ஓவர்லோட்'. மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் இணைப்பைத் துண்டிக்கும் காவலாளி அது. அது சூடு ஆறிய பிறகுதான் மறுபடி பிடிக்கும். சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

முனகினால்

முனகிக்கொண்டே சுற்றாமல் நிற்கும் மோட்டாரை உடனே அணைத்துவிட வேண்டும். மோட்டார் ஓடத் தொடங்கும்போது, வழக்கமாக இழுப்பதைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு மின்சாரம் இழுக்கும். சுற்றத் தொடங்கி வேகம் பிடித்தால் அது குறைந்துவிடும். சுற்றாமல் நின்றால் அத்தனையும் சூடாக மாறி உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைக் கருக்கும். ஐந்து தடவை விடாமல் அழுத்துவது அந்தச் சூட்டை ஐந்து தடவை ஏற்றுவதற்குச் சமம்.

முனகலுக்கு மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு.

ஒன்று, மின்சாரம் முழுதாக வராதது. பெரிய மில்கள் 'திரீ பேஸ்' எனப்படும் 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. அதில் ஒரு முனை அறுந்தாலும் கடையில் விளக்கு எரியலாம், விசிறி சுற்றலாம். மில் மட்டும் முனகும். விளக்கு எரிவதை வைத்துக் கரண்ட் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. மெல்லிய, நீளமான வயரில் ஓட்டினாலும் சிக்கல்தான். மோட்டாருக்குக் கிடைக்கும் வோல்ட் 80 விழுக்காடாக இறங்கினால், அதன் தொடக்க வலு ஏறக்குறைய 64 விழுக்காடாக இறங்கிவிடும்.

இரண்டு, கெப்பாசிட்டர். 230 வோல்ட்டில் ஓடும் சிறிய மில்களில் மோட்டாரைத் தள்ளிவிடுவது இதுதான். இது கெட்டால் மோட்டார் முனகும். சிலர் பெல்ட்டைக் கையால் சுற்றிவிட்டு ஓடவைப்பார்கள். விரல் போவது இப்படித்தான். கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பொருள் என்பதால், மெயினை அணைத்த பிறகும் ஷாக் அடிக்கலாம்.

மூன்று, உள்ளே அடைப்பு. அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி அரைபட்ட சரக்கு உள்ளேயே தங்கிவிடும். தட்டு மில்லில் இரும்புத் தட்டுகளை அதிகமாக இறுக்கி வைத்திருந்தாலும் சுற்றாது. பேரிங் இறுகிப்போயிருந்தாலும் அப்படித்தான்.

அன்று எங்கள் முன்னால் நடந்தது மூன்றாவது காரணம்தான். பூட்டு போட்டபடியே, மில்காரர் மரக்குச்சியாலும் பிரஷாலும் உள்ளே இருந்ததைச் சுத்தம் செய்தார். பெரியவர் பெல்ட் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்; தடையில்லாமல் சுற்றியது. பிறகுதான் மூடியைப் பூட்டி, சாவியை எடுத்து, மெயினைப் போட்டார். வெறும் மில் ஓடி முழு வேகம் பிடித்த பிறகே மிளகாயைக் கொட்டச் சொன்னார். மொத்தம் இருபது நிமிடம்.

தானாக ஓடக் கூடாது

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். சாதாரண சுவிட்சில் மில்லை இணைத்திருந்தால், போன கரண்ட் வந்ததும் அது தானாக ஓடத் தொடங்கும். கரண்ட் இல்லாத நேரத்தில்தானே நாம் உள்ளே கை விடுவோம்? பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டரை முறையாக இணைத்திருந்தால், மறுபடி அழுத்தும்வரை ஓடாது. ஓவர்லோட் ரிலேயையும் தானாக மீளும்படி வைக்காமல், கையால் அழுத்தி மீட்கும்படி வைப்பது நல்லது.

பக்கத்துக் கடைகளிலும் மின்சாரக் கோளாறு என்றால் தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழைக்கலாம். உங்கள் மில்லில் மட்டும் என்றால், எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். பெட்டியைத் திறந்து வோல்ட் அளப்பது அவர் வேலை. நம் வேலை அல்ல.

வீடு திரும்பும்போது அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நாமதான் அந்தப் பிள்ளைய அவசரப்படுத்திட்டோம்" என்றார். அந்த வரிசையில் "சீக்கிரம்" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இந்த வருஷம் மில் நின்றால், ஓரமாக உட்கார்ந்து காத்திருப்போம். மசாலா ஒரு நாள் பிந்தினால் ஒன்றும் ஆகிவிடாது.