50 செ.மீ. மழை கல்வராயனில் பெய்தால்?

கோமுகி அணை ஒரே நாளில் நிரம்புமா? கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையத்தை ஒட்டி, கல்வராயன்மலையின் அடிவாரத்தில் 1965-ல் கட்டப்பட்ட அணை இது. உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. பொட்டியம், கல்படை போன்ற மலையாறுகள் இதற்குத் தண்ணீர் கொண்டுவருகின்றன. இந்த மலைக்கு வடமேற்கே இருக்கிறது ஊத்தங்கரை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 50 செ.மீ. மழை கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டரில் 50 செ.மீ. மழை என்றால் ஏறத்தாழ 1 கோடியே 76 லட்சம் கன அடித் தண்ணீர். அதில் பாதியை மண் குடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 64 சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் ஓடிவரும் தண்ணீர், காலியாகக் கிடக்கும் அணையை விளிம்புவரை நிரப்பிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ அணை பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை.

ஒரு பென்சிலும் ஒரு தாளும் இருந்தால் போடக்கூடிய கணக்குதான். இதற்கு அடுத்த கேள்விகளே கடினமானவை. அந்தத் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வரும், வரும் வழியில் எந்தச் சரிவை இழுத்துக்கொண்டு வரும், அங்கே யார் குடியிருக்கிறார்கள்?

அதே புயல் மழையில், டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடியதில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். மண்சரிவு என்றால் நீலகிரி என்றுதான் நாம் பழகியிருந்தோம். 2009 நவம்பரில் அங்கே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததால் அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஆனால், வறண்ட சமவெளியில் நிற்கும் குன்று சரியாது என்ற நம்பிக்கையைத் திருவண்ணாமலை உடைத்துவிட்டது. கல்வராயனும் அப்படி நம்பப்படும் மலைதான்.

இந்த மலைகளின் அடியில் இருப்பது மிகப் பழைய, உறுதியான கருங்கல். சரிவது பெரும்பாலும் அந்தப் பாறை அல்ல. அதன் மேல் காலங்காலமாக மட்கிப் படிந்த மண்ணும், அந்த மண்ணில் புதைந்திருக்கும் உருண்டைப் பாறைகளும்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கிக் கெட்டிப் பாறையில் தட்டி நிற்கிறது. நீரின் அழுத்தம் கூடக்கூட, மண்துகள்களின் பிடி தளர்கிறது. சாலை போடச் சரிவின் காலை வெட்டிவிட்டால் தாங்குவதற்கும் ஆளில்லை. கல்வராயனில் சரிவுகளிலும் மரவள்ளி பயிராகிறது. கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணும் கிளறப்படுகிறது. மலைவாழ் மக்களின் பிழைப்பே அதுதான் என்பதால், 'பயிரை நிறுத்து' என்று சொல்லிவிட்டுப் போவது அறிவியலும் அல்ல, நீதியும் அல்ல. எந்தச் சரிவில் மரவள்ளி, எந்தச் சரிவில் மரம் என்று வயல்வாரியாகச் சொல்ல முடிந்தால்தான் அது உதவி.

இந்திய புவியியல் ஆய்வு நிறுவனம் நாட்டின் மலைப்பகுதிகளுக்கு நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களை 1:50,000 அளவில் தயாரித்திருக்கிறது. பெரிய பணி. ஆனால், அந்த அளவில் 100 மீட்டர் அகலமுள்ள ஒரு சிற்றூர் இரண்டு மில்லிமீட்டர் புள்ளி. எந்த வீட்டுக்குப் பின்னால் உள்ள மேடு ஆபத்தானது என்று அந்தப் புள்ளி சொல்லாது.

இத்தகைய வரைபடங்களின் இன்னொரு குறையைக் கேரளத்தின் வயநாடு காட்டியது. 2024 ஜூலை 30 அன்று மலையுச்சியில் தொடங்கிய சரிவு, ஆற்றோடு சேர்ந்து சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது. அதன் பாதையில் இருந்த சூரல்மலையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் செங்குத்துச் சரிவில் குடியிருந்தவர்கள் அல்லர், ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள். ஆகவே சரிவு எங்கே தொடங்கும் என்பதோடு, எந்த ஓடைவழியாக எங்கே வந்து நிற்கும் என்பதையும் குறிக்க வேண்டும். ஆபத்தின் வாய்ப்பு, அதன் பாதையில் இருக்கும் உயிர்களும் உடைமைகளும், அங்கிருப்பவர்கள் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவார்கள் என்ற நிலை ஆகிய மூன்றையும் பெருக்கிப் பார்ப்பதுதான் இடர் மதிப்பீடு. ஆளில்லாத காட்டில் ஒரு பெருஞ்சரிவு சிறிய இடராக முடியலாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சிறு சரிவே பேரிடராகிவிடும்.

தொடக்கத்தில் போட்ட அணைக் கணக்கில் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை, அதே ஃபெஞ்சல் மழையின்போது தென்பெண்ணையாற்றில் பார்த்தோம். டிசம்பர் 2 அதிகாலை அந்த ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர் இடையே மூன்று மாதங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. சாத்தனூரின் நீர்ப்பிடிப்பு பரந்தது. தண்ணீர் வருவதை மேலே இருந்தே கவனிக்க ஓரளவு நேரம் கிடைக்கும். கோமுகி போன்ற சிறிய நீர்ப்பிடிப்பில் அந்த அவகாசம் சில மணி நேரமாகச் சுருங்கிவிடும். எனவே இங்கே எச்சரிக்கை மலைமேலிருந்து தொடங்க வேண்டும். கல்வராயன்மேல் உள்ள வெள்ளிமலையில் மழை வலுக்கும்போதே மணிக்கு மணி அளவு கீழே வந்தாக வேண்டும்.

என்னைக் கேட்டால், கள்ளக்குறிச்சி மாவட்டம் முதலில் செலவிட வேண்டியது பெரிய கட்டடத்துக்கு அல்ல, 1:5,000 அளவிலான வரைபடத்துக்கு. கோடையிலேயே புவியியலாளர் ஒவ்வொரு மலையூராக நடக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களையும் உடன் அழைத்துக்கொள்ள வேண்டும். எந்த மேட்டில் மழைக்குப் பின் புதிதாக ஊற்று கசிந்தது, எந்த மரம் சாய்ந்துகொண்டே வருகிறது, எந்த ஓடை முன்பு எங்கே ஓடியது என்பதெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் முழுதாகக் கிடைக்காது, அவர்களிடம் கிடைக்கும். அந்த வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் தொங்க வேண்டும். அடுத்த சாலைக்கும், அடுத்த தொகுப்பு வீட்டுக்கும் இடம் குறிக்கும் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.