ஜடேரி நாமக்கட்டி மண்: கனிமக் கூறும் படிக அமைப்பும்

திருவண்ணாமலை மாவட்டம் செய்யாற்றை அடுத்த ஜடேரியில் செய்யப்படும் நாமக்கட்டிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இதன் மூலப்பொருள் நுண்துகள்களாலான நீரேறிய சிலிகேட்டு என விவரிக்கப்படுகிறது. இவ்விவரிப்பு பிழையன்று, ஆயினும் போதாது. கயோலினைட்டு, இல்லைட்டு, மாண்ட்மோரில்லோனைட்டு ஆகிய மூன்றுமே நீரேறிய சிலிகேட்டுகள்தாம். வேற்று வெண்மண்ணாலான போலிக் கட்டியை இனங்காண வண்ணம் உதவாது. படிக அமைப்பே சான்றாகும்.

கயோலின் என்னும் பெயர் சீனத்தின் ஜியாங்சி மாநிலத்துக் காவோலிங் என்ற இடப்பெயரின் வழிவந்தது. சிலிக்கா நான்முகித் தகடு ஒன்றும் அலுமினா எண்முகித் தகடு ஒன்றும் இணைந்ததே கயோலினைட்டின் ஓரடுக்கு. அடுக்குகளை ஹைட்ரஜன் பிணைப்பு இறுகப் பற்றுவதால் இடையே நீர் எளிதிற் புகாது. மாண்ட்மோரில்லோனைட்டிலோ நீர் புகுந்து மண் உப்பும். உலர்கையில் சுருங்கி வெடிக்கும். கையால் உருட்டி உலர்த்திய கட்டி பிளவுபடாது நிற்கவேண்டுமெனின், அம்மண்ணில் உப்பும் களிமம் மிகுந்திருத்தல் இயலாது. கைவினைஞரின் பட்டறிவு இவ்வகையில் ஒரு முதற்சோதனையே.

வேதிப் பகுப்பாய்வு மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. தூய கயோலினைட்டில் சிலிக்கா 46.5, அலுமினா 39.5, நீர் 14 விழுக்காடு. ஒரு மாதிரியில் அலுமினா 30 விழுக்காடு எனக் கொண்டால், கயோலினைட்டு 76 விழுக்காட்டைத் தாண்டாது. இது மேல்வரம்பே, ஃபெல்ஸ்பாரும் மைக்காவும் அலுமினா உடையனவாதலின் உண்மை அளவு இதனினும் குறையலாம். மிகுதியான சிலிக்கா பெரும்பாலும் குவார்ட்சு மணலைக் காட்டும்.

ஐயத்தைத் தீர்ப்பது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. கயோலினைட்டின் அடுக்கு இடைவெளி 7.15 ஆங்ஸ்ட்ரம், இல்லைட்டுக்கு 10. எத்திலீன் கிளைக்கால் ஏற்றினால் மாண்ட்மோரில்லோனைட்டு ஏறத்தாழ 17 ஆங்ஸ்ட்ரம் வரை விரியும், கயோலினைட்டு மாறாது. மாதிரியை 550 பாகை செல்சியசில் சூடேற்றின் ஹைட்ராக்சில் நீங்கி, கயோலினைட்டின் முகடு மறையும். குளோரைட்டும் 7 ஆங்ஸ்ட்ரத்தை ஒட்டி முகடு தருவதால், 14 ஆங்ஸ்ட்ரம் அளவில் அதன் முதல் முகடு உள்ளதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

மாதிரி எடுக்கும் நிலையே பெரும்பாலும் கவனிக்கப்படாதது. நாமக்கட்டிக்குரிய மண் நீரில் கரைத்துத் தெளியவைக்கப்படுகிறது. பருமணல் விரைந்து படிய, நுண்களிமம் நீரில் நெடுநேரம் மிதந்து பின்னர்ப் படியும். தோண்டிய மண்ணும் கட்டியும் ஆதலின் ஒரே கூறுடையன அல்ல. கட்டியின் முடிவுகளைக் கொண்டு படிவின் தரத்தையோ, படிவின் முடிவுகளைக் கொண்டு கட்டியின் தூய்மையையோ உரைப்பது பிழைபடும்; இரு நிலைகளிலும் தனித்தனியே மாதிரி எடுத்து ஒப்பிடுவதே முறை.