மூன்று வயது வரை எதற்குக் காத்திருக்கிறீர்கள்?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்து சில வாரங்களில் குழந்தைகள் நலப் பிரிவில் ஒரு புதுக் கூட்டம் சேரும். எல்லாம் எல்.கே.ஜி. மிஸ் சொல்லி அனுப்பிய பிள்ளைகள். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான், டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்றார்களாம். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால், அம்மா தயங்கித் தயங்கிச் சொல்வார்: "ஒன்றரை வயசுலயே எனக்குச் சந்தேகம் டாக்டர். வீட்ல எல்லாரும் சரியாப் போயிடும்னாங்க." மூளை மிக வேகமாக வளர்கிற, பயிற்சி மிக எளிதாகப் பிடிபடுகிற காலம் அது. அதைத்தான் 'சரியாப் போயிடும்' என்ற ஒரு சொல்லுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்"

நான் அதிகம் கேட்கும் சமாதானம் இது. தாமதமாகப் பேசி, பிறகு சரியாகிவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் பிள்ளை அந்த வகைதானா என்பதைப் பரிசோதிக்காமல் பாட்டியாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. 'ஆண் பிள்ளைன்னா மெதுவாத்தான் பேசும்' என்பதும் அப்படித்தான். வித்தியாசம் இருந்தாலும் அது மிகச் சிறியது; இரண்டு வயதில் ஒரு சொல்கூட வராததற்கு அது காரணமாகாது.

"மிக்ஸி போட்டா ஓடி வர்றான், காது நல்லாத்தான் கேக்குது" என்பார்கள். மிக்ஸியின் இரைச்சல் கேட்கும் காதுக்கு 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். அந்தக் குழந்தைக்குப் பேச்சு முழுதாகப் போய்ச் சேர்வதே இல்லை. அதனால்தான் பேச்சு தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்கிறோம்.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. "செல்போனாலதான் வந்துச்சு, நிறுத்தினா சரியாயிடும்னு யூடியூப்ல சொன்னாங்க." போனை நிறுத்துங்கள், நல்லது. அதற்காக ஆறு மாதம் பார்த்துவிட்டு வருகிறோம் என்று போய்விடாதீர்கள். போனை நிறுத்திய அன்றே மருத்துவரிடமும் வாருங்கள்.

நாக்கில் தடவும் வைத்தியம்

வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்று இன்றும் செய்கிறார்கள். பேச்சு மூளையில் உருவாவது. நாக்கில் எதைத் தடவினாலும் அது வராது. வசம்பு உள்ளே போனால் வாந்திதான் வரும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் என்ற ஆபத்தே வரலாம். நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிடுங்கள் என்றும் வருகிறார்கள். அது பால் குடிக்கச் சிரமம் தரலாம், சில ஒலிகளைத் திருத்தமாகச் சொல்ல விடாமல் செய்யலாம். பேச்சே வராமல் தடுக்காது.

நடை வரவில்லை என்று வாக்கரில் உட்கார வைப்பதும் வேண்டாம். அது நடையை வேகப்படுத்தாது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்டவர்கள் நிறைய. கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'மூளை டானிக்' எதுவும் ஒரு சொல்லைக்கூடக் கொண்டு வராது. ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சங்களைக் கேட்பவர்களிடம் நகையை விற்றுக் கொடுக்காதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

காத்திருக்கவே கூடாதவை

4 மாதத்தில் கழுத்து நிற்கவில்லை. 9 மாதத்தில் பிடிப்பில்லாமல் உட்காரவில்லை. ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை. ஒன்றரை வயதில் நடக்கவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை. இந்தக் கடைசி அடையாளத்தை உற்றுப் பாருங்கள்: பிஸ்கட் வேண்டுமென்றால் உங்கள் முகத்தைப் பார்க்காமல், உங்கள் கையை மட்டும் பிடித்து இழுத்துப்போய் டப்பாமேல் வைக்கிறதா?

இரண்டு வயதில் 'அம்மா வா' போல இரு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலும் வாருங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் 'இடது கைக்காரன்' என்று சிரித்துவிட வேண்டாம். மறு கையில் பலவீனம் இருக்கலாம். பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்தால் அந்த வாரமே காட்டுங்கள். குறைமாதக் குழந்தைக்கு மட்டும், இரண்டு வயது வரை, எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துக் கணக்கிட வேண்டும்.

பரிசோதனை

கேள்விகள், குழந்தையின் விளையாட்டைக் கவனிப்பது, காது, கண், தேவைப்பட்டால் தைராய்டு. பெரும்பாலும் அவ்வளவுதான்.

கெஞ்சிக் கேட்கிறேன்

'ஆட்டிசம்னு எழுதிட்டா ஸ்கூல்ல சேர்க்க மாட்டாங்க' என்று பயந்து ஒளித்து வைக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. பரிசோதனைக்கு வந்தால் பட்டம் கட்டிவிடுவோம் என்றும் நினைக்காதீர்கள். பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் முடிவாக வேண்டும் என்ற அவசியமே இல்லை.

பணமில்லை என்றால் மாவட்டத்தில் டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தைக் கேட்டுப் போங்கள். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அங்கே இலவசம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது.

வரும்போது வீட்டில் குழந்தை விளையாடுவதை, சாப்பிடுவதை, கூப்பிட்டால் என்ன செய்கிறது என்பதைப் போனில் எடுத்து வாருங்கள். ஆஸ்பத்திரியில் அழும் குழந்தையிடம் எனக்குத் தெரியாதது அதில் தெரியும். ஒரு மருத்துவர் 'பார்க்கலாம்' என்று அனுப்பியும் உங்கள் மனம் கேட்கவில்லையா? இன்னொருவரிடம் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களே, அப்பாக்களே, குழந்தையின் அம்மா 'ஏதோ சரியில்லை' என்று சொன்னால், தயவுசெய்து வேலைக்குப் போவதால்தான் என்று அவர்மேல் பழி போடாதீர்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்து அவரோடு வாருங்கள்.